தபால் பெட்டி: சிநேகிதனுக்கு எந்த இடம்?

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 2004 சுனாமியில் போன என் சிநேகிதனைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக வரும் பாகப்பிரிவினை, மருமகள் புகார், முட்டிவலி எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அவர்கள் மன்னிக்கணும்.

கேள்வி: என் வயது 58. முப்பது வருஷமாக ஒன்றாகப் பழகிய நண்பர் மூன்று மாதத்துக்கு முன்பு பைபாஸ் ரோட்டில் லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். கருமாதிக்கு எனக்குத் தனியாகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. இன்னும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. "கூடப் பிறந்தவரா போயிட்டார், ஏன் இப்படி?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இவ்வளவு துக்கப்பட உரிமை இருக்கிறதா ஐயா?
*வாசகர், கும்பகோணம்*

பதில்: நம்மூர்ச் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை குறித்து வைத்திருக்கிறது. பிள்ளை கொள்ளி வைக்கணும். பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும். சம்பந்தி கோடி எடுத்து வரணும். பங்காளிக்குத் தீட்டு உண்டு. சிநேகிதனுக்கு? ஷாமியானாக்காரருக்குப் போன் போடுவது, ஐஸ் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது, டீ கேன் காலியாகாமல் பார்த்துக்கொள்வது. மூன்றையும் செய்துவிட்டுச் சுவரோரம் வந்து நின்றால், வருகிறவர்கள் நம்மிடம் "எப்ப எடுக்கிறாங்க?" என்றுதான் கேட்பார்கள். நம்மிடம் துக்கம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

என் கதையைச் சொல்கிறேன். அவன் நாகப்பட்டினத்தில் வலைக்கடை வைத்திருந்தான். நைலான் வலை, மிதவை, ஈயக்குண்டு, கயிறு. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நான் தபால் ஆபீசில் கிளார்க் ஆனேன், அவன் அப்பாவின் கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைப் பக்கம் பாக்கி வசூலுக்குக் கிளம்பிவிடுவான். கடையில் உட்கார்ந்திருந்தால் காசு தேடி வராது, காசு இருக்கிற இடத்தில் நாம் போய் நிற்கணும் என்பது அவன் சித்தாந்தம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை.

காலை ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் வந்தது. நான் வெளிப்பாளையத்தில் வீட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு தெருவில் சனம் ஓடியது. ஏதோ வதந்தி என்று முதலில் நினைத்தவர்களில் நானும் ஒருவன். பிறகு ஈரத் துணியோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். அவன் மனைவிக்கும் மச்சானுக்கும் முகத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது சட்டையை. தீபாவளிக்கு நாங்கள் இருவரும் ஒரே பீஸில் சட்டை தைத்துக்கொள்வது வழக்கம். சம்பாதிக்க ஆரம்பித்த புதிதில், ஆறு மீட்டராக வாங்கினால் கடைக்காரர் குறைப்பார் என்று அவன் கிளப்பிவிட்ட யோசனை. காசு வந்த பிறகும் விடவில்லை. அந்த வருஷம் வெளிர் பச்சையில் மெல்லிய கோடு. சட்டைப் பையில் கோடு உடம்புத் துணியின் கோட்டோடு சேராமல் கொஞ்சம் கோணலாக இருந்தது. என் சட்டையிலும் அதே இடத்தில் அதே கோணல். தையல்காரர் இரண்டையும் ஒரே ராத்திரியில், ஒரே அவசரத்தில் முடித்துக் கொடுத்தார்.

மேசை போட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர், "நீங்க என்ன உறவு?" என்றார். சிநேகிதன் என்றேன். "சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க சார்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், ராத்திரியெல்லாம் கண் மூடாதவர். மச்சான் கையெழுத்துப் போட்டார். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பக்கத்திலேயே ஒரு அம்மா மூன்று பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் 52 வயது சிநேகிதனுக்காக அழுவதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த அழுகை பிற்பாடு ஒரு தபால் பையைப் பிரிக்கும்போது, ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கு நடுவில் வந்தது. கீச்சாங்குப்பம் முகவரிகள். கரும்பும் பானையும் போட்ட அட்டைகள். தபால்காரர் கொண்டுபோய், கொண்டுபோய், "முகவரிதாரர் இறந்துவிட்டார்" என்று எழுதித் திருப்பிக்கொண்டு வந்தார்.

எனக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் உட்கார ஒரு கடை வாசல் இல்லை. "ஏ போஸ்ட்டு" என்று கூப்பிட ஆளில்லை. என் அப்பா என்னைத் தெருவில் வைத்து பெல்ட்டால் அடித்ததைப் பார்த்த ஒரே ஆள் அவன்தான், அதை ஒருநாளும் யாரிடமும் சொல்லாதவன். மனைவிக்கு நம்மை இருபத்தைந்து வயதிலிருந்துதான் தெரியும். பிள்ளைகளுக்கு அதற்கும் பிறகு. அரை டிராயர் போட்ட என்னைத் தெரிந்தவன் போனான் என்றால் அந்த என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனான்.

ஆகவே உரிமையை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். கருமாதிக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, இப்போது போங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். பதினாறு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், அந்த வீட்டில் பேசுவதற்கு ஆள் தேவைப்படுவது அப்போதுதான். கையில் பழம், பிஸ்கட் ஏதாவது வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். "எவ்வளவு நல்ல மனுஷன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை ஊரே சொல்லிவிட்டுப் போயிருக்கும். அவர் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். என் சிநேகிதன் கஞ்சன். ரம்மியில் சீட்டைத் தொடைக்கு அடியில் செருகுவான். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியதை வீட்டில் மறைத்து, கடையில் தினமும் கணக்கு எழுதியே பிழைத்தவன். இதை அவன் பெரிய பையனிடம் சொன்னபோது, அவன் அந்த வருஷம் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தான், "அப்பாவா?" என்று சிரித்தான் பாருங்கள். அப்பா போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டில் கேட்பவர்களுக்கு: கூடப் பிறந்தவர் இல்லைதான், கூட இருந்தவர் என்று சொல்லுங்கள். சாப்பாடு மட்டும் இன்னும் ஒரு மாதம் இப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 58 வயதில் அதை விளையாட்டாக விடக் கூடாது.

கேள்வி: மாரடைப்பில் திடீரென்று இறந்த நண்பர் எனக்கு 40,000 ரூபாய் தரவேண்டும். குடும்பத்தில் கேட்கலாமா? கேட்டால் மனுஷத்தன்மை இல்லாதவன் என்பார்களே?
*வாசகர், திருவாரூர்*

பதில்: சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. புரோநோட்டு இருந்தால் எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடணும். எழுத்தே இல்லையென்றால் நிரூபிப்பது கஷ்டம், நீங்களும் உங்கள் மனசாட்சியும்தான்.

கேட்பது தப்பில்லை. எப்போது, எப்படி என்பதுதான். முதல் மாதத்தில் கேட்காதீர்கள். அந்தப் பணத்தால் உங்கள் அடுப்பு அணையாது என்றால் வருஷம் திரும்பும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

என் சிநேகிதன் விஷயத்தில் இது தலைகீழ். அவன்தான் கடன் கொடுத்தவன், வாங்கியவர்கள் எல்லோரும் கடற்கரைக்காரர்கள். அவன் மனைவி ஒருநாள் நீல அட்டை போட்ட நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்து, "அண்ணே, இதுல யாருகிட்டக் கேக்குறது, யாருகிட்டக் கேக்கக் கூடாது? ஒண்ணும் புரியல" என்றார். சில பெயர்களுக்கு உரியவர்களே இல்லை. சிலருக்கு வலை, படகு, வீடு மூன்றும் இல்லை. அதில் பெயருக்கு இடது பக்கம், ஓரத்தில், சிவப்புப் பேனாவால் பொடியாக ஒரு சுழி சில இடங்களில் மட்டும் இருந்தது. அவர் அதைப் பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்திருந்தார். எனக்குத் தெரியும். அந்த வீட்டில் பெண் கல்யாணமோ, வைத்தியச் செலவோ, ஏதோ ஒன்று. தானாகக் கொடுத்தால் வாங்குவான், வாய்விட்டுக் கேட்க மாட்டான். ரம்மியில் எட்டணாவுக்கு ஏமாற்றுகிற ஆள்தான். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சுழிகளை நான் சொல்லச் சொல்ல அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பாதி நோட்டில் நிறுத்திவிட்டு, "என்கிட்ட புடவைக்குக் கணக்குக் கேட்டாரே அண்ணே" என்றார்.

சுழி இல்லாத ஒருவர், நிவாரணப் பணம் கைக்கு வந்ததும், கடை வாசலுக்கு வந்து நோட்டுகளை நீட்டினார். அந்தப் பணம் அவர் பெண்சாதி செத்ததற்கு வந்தது. சிநேகிதன் மனைவி வாங்க மாட்டேன் என்கிறார், வந்தவர் எடுத்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறார். இருவரும் தெருவே பார்க்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் சிநேகிதன் மனைவி அந்தத் தொகைக்குப் புது வலை கொடுத்தனுப்பினார். பழைய பாக்கி நோட்டில் அப்படியே இருக்கிறது.

உங்கள் நண்பரிடமும் இப்படி ஏதாவது சுழி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் 2005-இல் பிறந்தவள். அவ்வளவு பெரிய அலை வருவது முன்கூட்டி யாருக்குமே தெரியாதா? தெரிந்திருந்தால் உங்கள் நண்பர் பிழைத்திருப்பார்தானே?
*கல்லூரி மாணவி, சேலம்*

பதில்: பிழைத்திருப்பான். அதுதான் இன்றைக்கும் ஆறாதது. சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் நில நடுக்கம் வந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அளவு 9.1. நாகையில் தண்ணீர் ஏறியது ஒன்பது மணிவாக்கில். நடுவில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் அவன் குளித்தான், இட்லி சாப்பிட்டான், சைக்கிளுக்குக் காற்றடித்தான். சென்னையில் கட்டில் ஆடியதைப் பலர் உணர்ந்தார்கள். ஆனால் இது கடலாக வரும் என்று கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. பசிபிக் பெருங்கடலுக்கு 1949-லிருந்தே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை, ஏனென்றால் இங்கே சுனாமி அபூர்வம்.

ஆழ்கடலில் அந்த அலை ஜெட் விமான வேகத்தில் ஓடும், ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதனால் அன்று நடுக்கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கரைக்குக் கிட்டே ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, தண்ணீர் மேலே எழும்புகிறது. கடலுக்குப் போனவர் பிழைத்து, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரும் பிள்ளைகளும் போன கொடுமை இப்படித்தான்.

புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் நடத்திக்கொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஊர் வெளியேறி உயிர் தப்பியது. ஒரு போன், ஒரு மைக். நம்மிடம் அன்றைக்கு இல்லாதது அவ்வளவுதான்.

இப்போது ஐதராபாத்தில் மையம் இருக்கிறது, 2007-இல் ஆரம்பித்தது. 2012 ஏப்ரல் 11 அன்று மறுபடி சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது. நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. கடையை அப்போது என் சிநேகிதன் மனைவிதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டரைக்கூட இழுக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கல்லாப்பெட்டி திறந்தபடி, காசு அப்படியே.

கேள்வி: விபத்தில் இறந்த தோழியின் நம்பரை நான் அழிக்கவில்லை. போன வாரம் அந்த எண்ணின் வாட்ஸ்ஆப் டிபியில் யாரோ ஒரு தாத்தா படம். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. என்ன செய்யலாம்?
*வாசகி, சென்னை*

பதில்: பயப்பட ஒன்றுமில்லை அம்மா. இணைப்பை நிறுத்திய எண்ணை 90 நாளைக்குப் பிறகு கம்பெனிகள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்தத் தாத்தாவுக்குப் பாவம் எதுவும் தெரியாது, அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். நம்பருக்குப் பெயரை மாற்றிவிடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பிலிருந்து வெளியே எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். அதெல்லாம் உங்கள் போனில்தான் இருக்கிறது. போனை மாற்றும்போது பேக்அப் எடுக்கத் தவறினால் போயே போச்சு.

குரல் இருப்பது பெரிய விஷயம். என் சிநேகிதன் கடை நம்பர் 04365-இல் ஆரம்பித்து இன்றும் எனக்கு மனப்பாடம், ஆனால் அவன் குரல் எங்கள் யாரிடமும் இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் கேட்கிறான். வாய் அசைவது தெரிகிறது. மேலே முழுக்க நாதஸ்வரம்.

கேள்வி: அம்மாவுக்கு, மனைவிக்கு, தலைவனுக்கு எல்லாம் இரங்கல் பாட்டு இருக்கிறது. நண்பனை இழந்தவன் புலம்பிய பாட்டு நம் பழைய இலக்கியத்தில் உண்டா?
*தமிழாசிரியர், புதுக்கோட்டை*

பதில்: தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கே பார்த்து உட்கார்ந்து சாப்பிடாமல், உயிர்விட்ட கதையில் எல்லோரும் புலவர் பிசிராந்தையாரைச் சொல்வார்கள். பார்க்காமலே நட்பு, வந்தார், கூடவே உட்கார்ந்து உயிர்விட்டார். எனக்கு நெருக்கமானவர் இன்னொரு புலவர், பொத்தியார். அவர் உறையூரிலேயே சோழனோடு பழகியவர். தானும் வடக்கிருக்கிறேன் என்றபோது, உன் மனைவி பிள்ளையுண்டாகியிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் ஊருக்குத் திரும்பி, அரசன் இல்லாத முற்றத்தைப் பார்க்கிறார். பல வருஷம் சோறூட்டி வளர்த்த யானை செத்தபிறகு, அதைக் கட்டியிருந்த தறி வெறுமையாக நிற்பதைப் பார்த்து அழும் பாகனைப் போல் கலங்கினேன் என்று புறநானூற்றில் பாடியிருக்கிறார். பிறகு திரும்பிப் போய், நடுகல்லாகிவிட்ட சிநேகிதனிடம் எனக்கு எந்த இடம் என்று கேட்கிறார்.

பிசிராந்தையாருக்குப் புகழ் கிடைத்தது. பிள்ளைக்காக வீட்டுக்குத் திரும்பிப் போனவர் பொத்தியார். நம்மில் பெரும்பாலோர் அவர் கட்சிதான்.

கேள்வி: என் நண்பர் 2004-இல் வேளாங்கண்ணிக்கு வந்த இடத்தில் சுனாமியில் போனார். உடல் கிடைக்கவில்லை. இந்த வருஷமாவது அங்கே வந்து ஒரு பூப் போடலாம் என்று இருக்கிறேன். திதிப்படி வரவேண்டுமா, தேதிப்படியா?
*வாசகர், ஈரோடு*

பதில்: அன்று மார்கழிப் பௌர்ணமி. திதி பார்ப்பதென்றால் அது வருஷத்துக்கு வருஷம் நகரும். இங்கே யாரும் திதி பார்ப்பதில்லை, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருக்கும் டிசம்பர் 26-தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம் இருக்கும், அறை முன்பே சொல்லி வையுங்கள். அடையாளம் தெரியாமல் ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் ஆட்கள் வெளியூரிலிருந்து வந்து அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், நீங்களும் ஏற்றலாம். யாரும் என்ன உறவு என்று கேட்க மாட்டார்கள்.

நேரம் இருந்தால் நாகைக்கும் வாருங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலையில் கரையோர ஊர்களில் பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள். தள்ளி நின்று பாருங்கள், போனைக் கையில் எடுக்காதீர்கள். மீன் சாப்பாடு நன்றாக இருக்குமே என்று மட்டும் எதிர்பார்த்து வரவேண்டாம். அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், ஊரில் பச்சை மீன் கிடைக்காது. எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசமும் உருளைக்கிழங்கும்தான். வருவதென்றால் இரண்டு நாள் முன்னால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.